குளியல் எண்ணெயும் மசாஜ் எண்ணெயும் வீட்டிலேயே: எதில் கலப்பது, எத்தனை சொட்டு?

லாவெண்டர், யூகலிப்டஸ், ஆரஞ்சு என்று மூன்று நறுமண எண்ணெய்களின் (செடிகளிலிருந்து எடுக்கும் செறிவான தைலங்கள்) சிறு புட்டிகள் கையில் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு குளியலுக்கு ஓர் எண்ணெயும் மசாஜுக்கு ஓர் எண்ணெயும் வீட்டிலேயே செய்ய முடியுமா, எத்தனை சொட்டு சேர்க்க வேண்டும், குளியல் தொட்டி நீரில் நேராகச் சில சொட்டு விட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். இரண்டுமே கால் மணி நேர வேலைதான். ஆனால் தொட்டி நீரில் நேராக விடுவது மட்டும் கூடாது. பலரும் தவறு செய்யும் இடம் அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, அதில் ஒரு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டுப் பாருங்கள். சொட்டு கரையாது. நீரின் மேலே மெல்லிய வட்டமாகப் பரந்து மிதக்கும். ஸ்பூனால் வேகமாகக் கலக்கினால் சிறுசிறு துளிகளாக உடையும். கை எடுத்த சற்று நேரத்தில் அவை மறுபடி மேலே வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். கிராம்பு, இலவங்கப்பட்டை போன்றவற்றின் தைலம் நீரைவிடக் கனமானது. அது அடியில் போய்த் தங்கும். எப்படியானாலும் நீரோடு அது சேரவில்லை. அதே தொட்டியில் நீங்கள் இறங்கி உட்காரும்போது மிதக்கும் அந்தத் துளி நேராக உங்கள் தோலில் ஒட்டுகிறது. எண்பது லிட்டர் நீரில் கரைந்துபோயிருக்கும் என்று நாம் நினைத்த தைலம், துளியும் நீர்க்காமல் முழு வீரியத்தோடு உடம்பின் ஏதோ ஓரிடத்தில் படிகிறது. அந்த இடம் பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு போன்ற மென்மையான பகுதியாக இருக்கும். வெந்நீரில் தோல் ஏற்கெனவே இளகியிருப்பதால் எரிச்சல் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பாலில் கலந்து ஊற்றுங்கள், கல்லுப்பில் கலந்து போடுங்கள், தேனில் குழைத்து விடுங்கள் என்றெல்லாம் சொல்வார்கள். உப்பு நீரில் கரைந்ததும் தைலம் தனியாகப் பிரிந்து மேலே வந்துவிடும். பாலில் கொழுப்பு மிகக் குறைவு. சொட்டுகளைப் பிடித்துவைக்க அது போதாது. தேன் கரைந்து ஓடிவிடும். ஆல்கஹாலில் தைலம் அழகாகக் கரையும். ஆனால் அந்தக் கலவையை நீரில் ஊற்றிய உடனே தைலம் பழையபடி வெளியேறும். இவற்றில் எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

சரியான வழி இரண்டு. முதல் வழி மிக எளிது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி சாதாரணத் தாவர எண்ணெயில் ஐந்தாறு சொட்டு நறுமண எண்ணெயைக் கலந்து, தொட்டி நிரம்பியபின், நீங்கள் இறங்கும் முன் ஊற்றுவது. இதுவும் நீரில் மிதக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது தோலில் படிவது இரண்டு சதவீதக் கலவைதான் என்பதால் எரிக்காது. மாறாகத் தோலுக்கு மெல்லிய பூச்சாக அமையும். தொட்டியின் ஓரத்தில் எண்ணெய் வளையம் படியும், அதைப் பிறகு தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியில் எண்ணெயை நீரில் உண்மையாகவே பரவச் செய்கிறோம். அதற்கு எண்ணெயையும் நீரையும் இணைத்துப் பிடிக்கும் ஒரு பொருள் வேண்டும். அழகுசாதன மூலப்பொருள் விற்பவர்களிடம் பாலிசார்பேட் 80, பாலிசார்பேட் 20 என்ற இரண்டு கெட்டியான மஞ்சள் திரவங்கள் கிடைக்கும். தாவர எண்ணெய் சேர்ந்த கலவைக்கு 80, நறுமண எண்ணெயை மட்டும் நீரில் சேர்ப்பதற்கு 20. நான் பரிந்துரைக்கும் அளவு இது: சூரியகாந்தி எண்ணெய் 80 மில்லி, பாலிசார்பேட் 80 பதினெட்டு மில்லி, நறுமண எண்ணெய் மொத்தமாக 2 மில்லி. மூன்றையும் ஒரு புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் முடிந்தது. இதில் ஒரு மேசைக்கரண்டியை ஓடும் குழாய்க்கு அடியில் விட்டால் தொட்டி நீர் பால்போல வெளுக்கும். அந்த வெண்மைதான் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நீர் முழுதும் பரவியதற்கு அடையாளம். தாவர எண்ணெயே வேண்டாம், மணம் மட்டும் போதும் என்றால் ஒரு தேக்கரண்டி பாலிசார்பேட் 20இல் ஐந்து சொட்டு கலந்து நீரில் விடலாம். இவை எதுவும் கிடைக்காவிட்டால் மணமற்ற ஷாம்பு அல்லது திரவ சோப்பு ஒரு மேசைக்கரண்டி அதே வேலையை ஓரளவு செய்யும்.

உங்களிடம் இருப்பவற்றில் குளியலுக்கு லாவெண்டரை முக்கியமாக வையுங்கள், ஆரஞ்சைச் சற்றே சேருங்கள்: 100 மில்லிக்கு லாவெண்டர் 30 சொட்டு, ஆரஞ்சு 10 சொட்டு. யூகலிப்டஸைத் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். வெந்நீரோடு எழும் ஆவி சிலருக்குக் கண்ணையும் மூக்கையும் உறுத்தும். பெப்பர்மின்ட், எலுமிச்சைப்புல், கிராம்பு, இலவங்கப்பட்டை, ஓமத்தைப் போலக் காரமான தைம், ஆரிகனோ ஆகியவற்றைக் குளியல் நீரில் சேர்க்கவே வேண்டாம். தொட்டி இல்லாதவர்கள் குளித்து முடித்து, ஈரம் முழுதும் துடைக்காமல், கீழே சொல்லப்போகும் மசாஜ் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி எடுத்து உடம்பில் தடவிக்கொள்ளலாம். ஈரத்தோலில் எண்ணெய் மெல்லியதாகப் பரவும், ஈரத்தையும் உள்ளே நிறுத்தும். தொட்டிக் குளியலைவிட இதில்தான் எண்ணெய் வீணாகாமல் உடம்பில் சேர்கிறது என்பது என் கருத்து.

இனி சொட்டுக் கணக்கு. ஏன் இவ்வளவு கறாராக எண்ண வேண்டும் என்று தோன்றலாம். ஒரு கிலோ லாவெண்டர் தைலம் எடுக்கச் சுமார் 100 முதல் 150 கிலோ பூ வேண்டும். ரோஜாத் தைலம் ஒரு கிலோவுக்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ இதழ் தேவைப்படும். ஆவியில் வடித்து அந்த அளவுக்குச் செறிவாக்கிய பொருள் இது. செடியை முகர்வதும் அதன் தைலத்தைத் தோலில் பூசுவதும் ஒன்றல்ல. ‘இயற்கையானது, அதனால் தீங்கில்லை’ என்ற எண்ணத்தோடு நீர்க்காமல் பூசிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அந்த மணத்துக்கே ஒவ்வாமை கொண்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். தோல் ஒருமுறை அப்படி ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு ஒரு துளியே போதும், அரிக்கத் தொடங்கிவிடும்.

பெரியவர்களின் உடம்பு முழுக்கப் பூசும் மசாஜ் எண்ணெய்க்கு இரண்டு சதவீதம் போதுமானது. முகத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம். வலிக்கும் ஒரு சிறு இடத்தில் சில நாள் மட்டும் பூசுவதற்கு மூன்று சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், 30 மில்லி எண்ணெயில் ஒரு சதவீதம் என்பது 6 சொட்டு, இரண்டு சதவீதம் என்பது 12 சொட்டு. 100 மில்லியில் முறையே 20, 40. இது தனித்தனி மணத்துக்கான கணக்கு அல்ல, எல்லா நறுமண எண்ணெய்களும் சேர்ந்த மொத்தக் கணக்கு. மூன்று மணம் கலந்தால் மூன்று மடங்கு விடலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சொட்டு என்பதும் நிலையான அளவு அல்ல. ஆரஞ்சு எண்ணெய் நீர்போல ஓடும்; வெட்டிவேர்த் தைலம் பாகுபோலக் கெட்டியாக, புட்டியைக் கவிழ்த்து நேரம் கழித்துத்தான் ஒரு பெரிய சொட்டாக விழும். புட்டியின் வாயில் உள்ள அடைப்பானுக்கு ஏற்ப ஒரு மில்லிக்கு 20 சொட்டும் வரலாம், 30க்கு மேலும் வரலாம். அடிக்கடி செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசு வாங்கிக்கொள்ளுங்கள். 98 கிராம் அடிப்படை எண்ணெய் (நறுமண எண்ணெயைக் கலக்கும் தாவர எண்ணெய்), 2 கிராம் நறுமண எண்ணெய் என்று எடைபோட்டுக் கலந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மசாஜ் எண்ணெயில் 98 பங்கு அடிப்படை எண்ணெய்தான் என்பதால் அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் பலர் மணத்தையே யோசித்துக்கொண்டு இதைக் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்றாக முடிவு செய்கிறார்கள். பாதாம் எண்ணெய் கை நன்றாக வழுக்கிப்போக இடம் தரும், மெல்ல உறிஞ்சப்படும், மணமும் குறைவு. முழு உடம்பு மசாஜுக்கு அதையே முதலில் சொல்வேன். சூரியகாந்தி எண்ணெய் இலேசானது. அதில் லினோலியிக் அமிலம் மிகுந்திருப்பதால் வறண்ட, எளிதில் சிவக்கும் தோலுக்கு ஏற்றது. அதே வகைத் தோலுக்கு ஆலிவ் எண்ணெயை நான் தரமாட்டேன். அதில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தளர்த்தக்கூடும். திராட்சை விதை எண்ணெய் பிசுக்கில்லாமல் சீக்கிரம் உறிஞ்சப்படும், ஆனால் சீக்கிரம் கெட்டும் போகும். நல்லெண்ணெய் கனமானது, நீண்ட நாள் இருக்கும். செக்கில் ஆட்டியதன் மணம் எந்த நறுமணத்தையும் அமுக்கிவிடும் என்பதால் மணம் நீக்கிய வகை வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். முகப்பரு வரும் தோலில் துளைகளை அடைக்கவும் செய்யும். ஹோஹோபா உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. எளிதில் காறல் வாடை அடிக்காது. முகத்துக்கு அது சிறந்தது. பாதாம், எள், நிலக்கடலை ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றின் எண்ணெயைத் தோலில் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். மற்றவருக்குச் செய்து கொடுப்பதானால் இதைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

செய்முறை இப்படி. நன்றாகக் கழுவி, உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திய பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று எடுங்கள். அதில் பாதாம் எண்ணெய் 60 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 30 மில்லி, ஹோஹோபா 10 மில்லி. வைட்டமின் ஈ எண்ணெய் கிடைத்தால் அரை மில்லி. அது எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும். கிருமியைத் தடுக்காது, ஆனால் நீரே சேராத கலவையில் கிருமி வளராது என்பதால் அந்தக் கவலையும் இல்லை. பிறகு மணம். லாவெண்டர் 18 சொட்டு, ஆரஞ்சு 14, தேவதாரு 8 என்பது மாலை நேரத்துக்கு அமைதியான சேர்க்கை. நடந்து களைத்த கால்களுக்கு லாவெண்டர் 18, ரோஸ்மேரி 12, யூகலிப்டஸ் 10. உங்கள் யூகலிப்டஸ் புட்டிக்கு ஏற்ற இடம் அதுதான். கால்வலியைத் தைலம் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. தசையை நிதானமாக அழுத்தி நீவுவதே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. மணம் அந்த நேரத்தை இதமாக்குகிறது, மூச்சு நிதானப்படுகிறது. அதுவே பெரிய விஷயம்.

மணங்களைச் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம். ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள் முதலில் மூக்கைத் தொட்டு முதலில் பறந்துபோகும். லாவெண்டர், ஜெரேனியம் நடுவில் நிற்கும். தேவதாரு, சந்தனம், வெட்டிவேர், பச்சோலி கடைசி வரை தங்கும். புட்டியில் ஊற்றும் முன் தடித்த காகிதத்தை விரலளவு கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றிலும் ஒரு சொட்டு விட்டு, விசிறிபோல் சேர்த்துப் பிடித்து முகர்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள். முதலில் ஆரஞ்சாக மணத்தது இப்போது தேவதாருவாக மணக்கும். தோலிலும் அதே வரிசையில்தான் நடக்கப்போகிறது. கலந்தபின் ஓரிரு நாள் மூடி வைத்தால் மணங்கள் ஒன்றில் ஒன்று இணைந்து கூர்மை குறையும். முதல்முறை பயன்படுத்தும் முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள்.

மசாஜ் செய்யும்போது எண்ணெயை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். மணம் முழுதும் ஆவியாகிப் போகும், எரியும் அபாயமும் உண்டு. தேவையான அளவை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து, வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் அதை நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிடத்தில் இளஞ்சூடாகும். எண்ணெயை முதலில் உங்கள் உள்ளங்கையில் தேய்த்துவிட்டுப் பிறகு மற்றவர் முதுகில் கை வையுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தாவர எண்ணெய் ரப்பர் ஆணுறையைப் பலவீனப்படுத்தி எளிதில் கிழியச் செய்யும். மசாஜ் எண்ணெயையும் அதையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது.

மணம் பிடித்திருக்கிறது என்பதற்காக எதையும் இரண்டு சதவீதம் சேர்த்துவிட முடியாது. சில தைலங்களுக்கு உச்சவரம்பு மிகக் குறைவு. இலவங்கப்பட்டைத் தைலத்தின் பாதுகாப்பான அளவு 0.07 சதவீதம். 100 மில்லிக்கு ஒரு சொட்டுதான். வீட்டில் அதை விட்டுவிடுவதே மேல். கிராம்பு 0.5, எலுமிச்சைப்புல் 0.7, இலாங் இலாங் 0.8. எலுமிச்சை வகைகளில் வேறொரு சிக்கல். பழத்தோலைப் பிழிந்து எடுத்த பெர்கமாட், லைம் (சிறிய பச்சை எலுமிச்சை), லெமன் (பெரிய மஞ்சள் எலுமிச்சை) எண்ணெய்களில் உள்ள ஃபூரோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைத் தீப்புண்போலக் கருக்கிவிடும். பெர்கமாட் 0.4 சதவீதத்துக்கும், லைம் 0.7க்கும், லெமன் 2க்கும் மேல் போனால், பூசிய இடத்தில் 12 முதல் 18 மணி நேரம் வெயில் படக் கூடாது. உங்களிடம் இருப்பது இனிப்பு ஆரஞ்சு என்றால் இந்தப் பயம் இல்லை. லேபிளைப் பாருங்கள்: சிட்ரஸ் சைனென்சிஸ் என்றால் இனிப்பு ஆரஞ்சு. கசப்பு ஆரஞ்சுக்கு 1.25 சதவீத வரம்பு உண்டு. பெர்கமாட் மணமே வேண்டும் என்பவர்களுக்கு ஃபூரோகூமரின் நீக்கிய வகை கிடைக்கிறது.

கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், வலிப்பு அல்லது ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். கற்பூரம், யூகலிப்டஸ், ரோஸ்மேரி போன்றவை வலிப்பைத் தூண்டக்கூடும். வின்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுதும் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினின் இனத்தைச் சேர்ந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு நறுமண எண்ணெய் சேர்க்காத வெறும் எண்ணெயே போதும். யூகலிப்டஸ், பெப்பர்மின்ட் இரண்டையும் சிறு குழந்தையின் முகத்தருகே கொண்டுபோனால் மூச்சு திணறும் ஆபத்து உண்டு. புட்டிகளைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் பூட்டி வைப்பதில் சிறிதும் அலட்சியம் கூடாது. ஒரு தேக்கரண்டி வின்டர்கிரீன் தைலத்தில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது. ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் அதன் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனையின் ஈரலால் அதைச் சரிவர முறிக்க முடியாது.

ஒருவேளை நீர்க்காத தைலம் தோலில் பட்டு எரிந்தால் உடனே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். நீர் அதைக் கழுவாது, பரப்பிவிடும். கையில் கிடைக்கும் தாவர எண்ணெயைத் தாராளமாகத் தடவித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் இடைவிடாமல் சுத்தமான நீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

வாங்கும்போது செடியின் தாவரவியல் பெயர், பயன்படுத்திய பாகம், எடுத்த முறை ஆகியவை லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘லாவெண்டர் மணம்’ என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் செயற்கை வாசனைத் திரவம். எல்லா மணமும் ஒரே விலையில் விற்றால் சந்தேகப்படுங்கள். ரோஜாவும் ஆரஞ்சும் ஒரே விலையில் கிடைக்க வழியே இல்லை.

எலுமிச்சை, ஆரஞ்சு, டீ ட்ரீ, பைன் எண்ணெய்களைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசாகும்போது அவற்றிலுள்ள லிமோனீன் போன்ற பொருள்கள் ஒவ்வாமை உண்டாக்கும் சேர்மங்களாக மாறுகின்றன. திறந்து ஓராண்டு ஆனதைத் தோலில் பூசாமல் தரை துடைக்கும் நீரில் சேர்த்துத் தீர்த்துவிடலாம். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி மட்டும் நாளாக நாளாக மெருகேறும். ரப்பர் குமிழ் உள்ள சொட்டுக்குழாயை நறுமண எண்ணெய்ப் புட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள், ரப்பர் இளகிக் கெட்டுவிடும். கலந்த எண்ணெயை ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். புட்டியில் செய்த தேதியையும் சேர்த்தவற்றையும் எழுதி ஒட்டுங்கள்.

குளியலறைத் தரையும் தொட்டியும் எண்ணெய் பட்டால் பயங்கரமாக வழுக்கும். வயதானவர்களுக்குத் தொட்டியில் விடும் கலவையைவிட, குளித்தபின் உட்கார்ந்து பூசிக்கொள்வதே பாதுகாப்பு. கடைசியாகத் துண்டுகள். தாவர எண்ணெய் ஊறிய துணி காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும். துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்துக் குவித்து வைத்த மசாஜ் துண்டுகள் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. அந்தத் துண்டுகளைச் சூடான நீரில் கூடுதல் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, இயந்திரத்தில் போடாமல் கொடியில் விரித்துக் காயவையுங்கள்.